முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு நிழல்

அன்புள்ள ராஜபாளையம் வாசகருக்கு,

மகனின் எம்ஆர்ஐ ரிப்போர்ட் நகலும் கூடவே நீங்கள் எழுதியிருந்த கடிதமும் கிடைத்தன. பையனுக்கு வயது 17. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளஸ் டூ படிக்கிறான், பள்ளி வாலிபால் அணியில் ஸ்பைக்கர். சில மாதங்களாக வலது முட்டியில் வலி. ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உறவினர் ஒருவர், "ஜவ்வு போச்சு, இனி விளையாட்டை மறந்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டாராம். பி.இ.டி. வாத்தியாரோ மதுரையில் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். ஸ்கேன் படிப்பது என் வேலை என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வேறு பெற்றோரும் இதையே கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். பையன் பெயரோ பள்ளியின் பெயரோ இதில் வராது.

விளையாட்டை விட வேண்டாம். இன்னொரு ஸ்கேனும் இப்போதைக்கு வேண்டாம். இந்த இரண்டையும் எந்தத் தைரியத்தில் சொல்கிறேன் என்று விளக்கத்தான் கடிதம் நீள்கிறது.

உறவினர் சொல்கிற ஜவ்வு ஏசிஎல். முட்டிக்கு நடுவில் தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் இழுத்துக் கட்டியிருப்பது அதுதான். கபடியில் காலை ஊன்றிச் சட்டென்று திரும்பும்போது அறுவதும் அதுதான். உங்கள் மகனுக்கு அது முழுசாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டின் இரண்டாவது பத்தியிலேயே போட்டிருக்கிறார்கள். முட்டிக்குள் மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸும் நன்றாக இருக்கிறது. கடைசி வரியில் குறை சொல்லியிருப்பது முட்டிச் சில்லுக்குக் கீழே இறங்கும் தசைநாணில். தொடையின் முன்தசை எவ்வளவு வலு கொடுத்தாலும் அது சில்லு வழியாக இந்த ஒரு பட்டையில் இறங்கித்தான் கணைக்காலை நீட்டுகிறது. நீளம் நாலைந்து சென்டிமீட்டர், கனம் நாலைந்து மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஒரு பளுதூக்கும் வீரருக்குப் போட்டி மேடையில், படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, இந்தத் தசைநாண் அறுந்தது. அந்தப் படத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அறுந்த நொடியில் அது தாங்கியிருந்த சுமை அவருடைய உடல் எடையைப் போல் 17.5 மடங்கு. 1977-ல் அந்த ஆய்வு வெளியானது. இவ்வளவு தாங்கும் ஒரு பட்டை ஒரு ஸ்பைக்கில் கெட்டுப்போய்விடாது. ஓய்வில்லாமல் மாதக்கணக்கில் குதித்து இறங்கியதில், சில்லின் கீழ் நுனியில் அது ஒட்டியிருக்கும் இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறது.

இந்தக் கோளாறுக்கு ஊர் உலகமெல்லாம் 'ஜம்பர்ஸ் நீ' என்றுதான் பெயர். 1973-ல் பிளாசினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் வைத்தது. பெரும்பாலும் குதிக்கிறவர்களைத்தான் இது பிடிக்கும். நார்வேயின் முன்னணி வீரர்களைப் பல விளையாட்டுகளில் பரிசோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வாலிபால் ஆடும் ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கும் கூடைப்பந்து ஆடுகிறவர்களில் 32 பேருக்கும் அப்போது இந்த வலி இருந்தது. சைக்கிள் வீரர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆக உங்கள் மகனுக்கு வந்திருப்பது அபூர்வ நோய் எதுவும் இல்லை. அவன் ஆடும் ஆட்டத்தோடு வருவது.

அதே நார்வேயில் டாப்வாலி நோர்கே என்ற பள்ளியில் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். யாருக்கு வலி வந்தது, யாருக்கு வரவில்லை என்று பிரித்துப் பார்த்ததில் பயிற்சி நேரம் முக்கியமாக இருந்தது. அதைவிட முக்கியமாக இருந்தது வாரத்துக்கு எத்தனை செட் போட்டி ஆட்டம் ஆடினார்கள் என்பது. இதைப் படித்தபோது நம் ஊர்த் திருவிழா மின்னொளிப் போட்டிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. சாயங்காலம் லைட் போட்டால் விடியும்வரை ஆட்டம். நன்றாக ஆடுகிற பையன் என்றால் இரண்டு ஊர் அணிக்காரர்கள் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஒரு வாரம் சும்மா இருந்த கால் இரண்டே ராத்திரியில் இருபது செட் குதிக்கும். தரையும் பல இடங்களில் சிமெண்ட். இத்தாலிய வாலிபால் வீரர்களை 1980-களில் ஆராய்ந்த ஃபெரெட்டி, கெட்டித் தரையில் ஆடுகிறவர்களுக்கும் வாரத்தில் அதிக நாள் ஆடுகிறவர்களுக்கும் இந்த வலி கூடுதலாக வருவதை அப்போதே எழுதிவிட்டார். மகனின் முட்டி வலி எந்த மாதம் ஆரம்பித்தது, அந்த மாதம் எங்கெங்கே ஆடினான் என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு தகவல் அதில் கிடைக்கும்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். ஸ்கேன் அறையில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் உங்களுக்கே பாதி விளங்கிவிடும்.

அல்ட்ராசவுண்டில், பையனை மேஜையில் படுக்க வைத்து முட்டிக்குக் கீழே ஒரு தலையணையைச் சொருகி, காலைக் கொஞ்சம் மடக்கி வைப்போம். மடக்கினால்தான் தசைநாண் விறைப்பாக நிற்கும். வயிற்றுக்கு வைக்கிற வளைந்த புரோப் இதற்கு உதவாது. தட்டையான லீனியர் புரோப் வேண்டும். ஜெல் தடவி, சில்லின் கீழ் நுனியில் புரோப்பை நெடுக்காக வைத்தால் திரையில் தசைநாண் தெரியும். நல்ல தசைநாண், உங்கள் ஊர் மில்லிலிருந்து வரும் சிட்டா நூலை இழுத்துப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி, இழை இழையாக, வெளிச்சமாக, ஒரே போக்கில் ஓடும். நோய் பிடித்த இடத்தில் இழைகள் கலைந்து, பட்டை தடித்து, நடுவில் கறுப்பாக ஒரு நிழல் தெரியும். பிறகு காலை நீட்டச் சொல்லி, பட்டையைத் தளரவிட்டு, ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரைப் போடுவோம். விறைப்பாக இருக்கும்போது சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கிக் கண்ணில் படாமல் போகும். தளர்த்தினால் அந்த நிழலுக்குள் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். நல்ல தசைநாணுக்குள் அப்படி மின்னாது. நோய்ப்பட்ட இடத்தில் புதிதாக முளைத்த குழாய்கள் அவை.

இதில் ஒரு கண்ணி உண்டு. புரோப் தசைநாணுக்கு நேர்செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்தாலும் நல்ல தசைநாணே கறுப்பாகத் தெரியும். அனுபவம் உள்ள கை புரோப்பை அசைத்துப் பார்க்கும். பொய்யான கறுப்பு என்றால் மறையும், நிஜம் என்றால் அங்கேயே இருக்கும். எம்ஆர்ஐக்கும் இதே மாதிரி ஒரு கோளாறு இருக்கிறது. இழைகள் இயந்திரத்தின் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 டிகிரி சாய்ந்து கிடந்தால், சில வகைப் படங்களில் ஒன்றும் இல்லாத இடம்கூட வெளுத்து, நோய் போலத் தெரியும். அதனால்தான் ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் முடிவு சொல்வதில்லை.

எம்ஆர்ஐ விலை கூடியது, ஆகவே அதுதான் கடைசிச் சொல் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த ஒரு தசைநாண் விஷயத்தில் அது உண்மை இல்லை. ஆஸ்திரேலியாவில் வார்டனும் மற்றவர்களும் 2007-ல் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். மருத்துவர் கையால் பரிசோதித்து உறுதிசெய்த 30 பேரையும், அதே அளவு விளையாடும் வலியில்லாத 33 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். அல்ட்ராசவுண்ட் நூற்றுக்கு 83 பேர் விஷயத்தில் சரியாகச் சொன்னது, எம்ஆர்ஐ 70 பேர் விஷயத்தில். நிஜமாகவே நோய் இருந்தவர்களில் எம்ஆர்ஐ கண்டுபிடித்தது நூற்றுக்கு 57 பேரைத்தான். முட்டிக்குள் மெனிஸ்கஸ், குருத்தெலும்பு, ஏசிஎல், எலும்புக்குள் நீர்க்கோப்பு என்று தேட வேண்டுமானால் எம்ஆர்ஐக்கு ஈடு கிடையாது. தோலுக்கு அடியிலேயே கிடக்கும் இந்தப் பட்டையைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் போதும்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதற்கு அடுத்தது. ஜில் குக் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1998-ல் 320 தசைநாண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்து எழுதினார்கள். வலி இப்போதும் இல்லை, முன்பும் இருந்ததில்லை என்ற விளையாட்டு வீரர்களின் தசைநாண்களில் நூற்றுக்கு 22-ல் அந்தக் கறுப்பு நிழல் இருந்தது. அதாவது ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நன்றாகக் குதித்து ஆடிக்கொண்டிருக்கும் பையன்களை வரிசையாக நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத பலருக்கு உங்கள் மகனுக்கு வந்த அதே வரி ரிப்போர்ட்டில் வரும். அவர்களை எல்லாம் மைதானத்தை விட்டு அனுப்பிவிட முடியுமா? இளம் கூடைப்பந்து வீரர்களைத் தொடர்ந்து பார்த்ததில், நிழல் இருந்த காலுக்குப் பின்னால் வலி வரும் வாய்ப்பு நாலு மடங்கு அதிகம் என்பதையும் அதே குழுவினர் கண்டார்கள். ஆகவே நிழலை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி முழுக்கப் போய், பையன் பழையபடி ஆடத் தொடங்கிய பிறகும் அந்த நிழல் பல பேருக்கு அப்படியே இருக்கும். இன்னொரு ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். மூன்று மாதம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்து வலி குறைந்த நேரத்தில் மறுபடி படம் எடுத்து, 'மாற்றம் இல்லை' என்று ஒரு வரியைப் படித்துவிட்டு நம்பிக்கை இழந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் அவர்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சம் இல்லை.

அப்படியானால் இந்த நோயை எதை வைத்துத் தீர்மானிப்பது? பையனின் விரலை வைத்துத்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒரே விரலால் சில்லின் கீழ் நுனியைத் தொட்டுக் காட்டுவான். முட்டி முழுவதையும் உள்ளங்கையால் பொத்திக் காட்டினால் வேறு காரணம் தேட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், மறுநாள் காலையில் படி இறங்கும்போது மறுபடி பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் வலிக்காது. 25 டிகிரி சரிவான ஒரு பலகையில் ஒற்றைக் காலில் நின்று மெல்ல மடங்கி இறங்கச் சொன்னால் அதே புள்ளியில் சுளீர் என்று பிடிக்கும். அந்தச் சரிவுப் பலகையைத் தச்சரிடம் சொல்லிப் பள்ளிக்கே ஒன்று செய்துகொள்ளலாம். பி.இ.டி. வாத்தியாருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் அதுதான். உங்கள் கடிதத்தில் இந்த அடையாளங்கள் எல்லாமே இருக்கின்றன. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்னாலேயே, கையால் பார்க்கிற ஒரு மருத்துவர் இதைச் சொல்லியிருக்க முடியும்.

வெளிநாடுகளில் மைதானத்துக்கே சின்ன அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தைக் கொண்டுவந்து பார்க்கிறார்களே, இங்கே ஏன் முடியாது என்றும் வாத்தியார் கேட்டிருந்தார். எல்லா ஸ்கேன் சென்டர் வாசலிலும் 'கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே பார்ப்பதில்லை' என்ற பலகையைப் பார்த்திருப்பார். அதற்குக் காரணம் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி அல்ட்ராசவுண்ட் இயந்திரம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவு செய்த இடத்தில் பதிவு செய்த மருத்துவர்தான் பயன்படுத்த வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு போகிற இயந்திரங்களுக்கு 2012-ல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம், அதைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நம் ஊர்ப் பையன்கள் முட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்பதும், அங்கே நாள் முழுக்க வயிறும் கர்ப்பமும் பார்க்கிற கைகளே அதிகம் என்பதும் உண்மை. அதனால் என்றைக்காவது அல்ட்ராசவுண்ட் தேவைப்பட்டால், நேரம் வாங்கும்போதே, "தசை, மூட்டு ஸ்கேன் பார்க்கிற டாக்டர் இருக்காரா? டாப்ளரும் போடுவாங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வலிக்கிற காலோடு வலிக்காத காலையும் பார்க்கச் சொல்லுங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-லிருந்து நடக்கிறது, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. தனியாரில் காசைக் கரைப்பதற்கு முன் அங்கே எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

படம் ஒரு மணிநேரம்கூடத் தள்ளிப்போகக் கூடாத சமயமும் உண்டு. அதை இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லா வாத்தியார்களும் மனதில் வைக்க வேண்டும். குதித்து இறங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம், கால் அப்படியே மடங்கி விழுகிறான், படுத்தபடி காலை நீட்டித் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை, சில்லுக்குக் கீழே விரல் வைத்தால் பள்ளம். இது தசைநாண் முழுவதும் அறுந்ததன் அடையாளம். இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் சில்லு மேலே ஏறிவிடும். எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது, ஆனால் ஏறி நிற்கும் சில்லு தெரியும். ஆகவே சாதாரண எக்ஸ்ரேயே பாதி வேலையை முடித்துவிடும். மீதியை அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ சொல்லும். ஓரிரு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் நல்லது. தள்ளிப்போனால் தசை சுருங்கி, முனைகளைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிடும்.

இந்தக் காயம் எவ்வளவு பெரியது என்பதை நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கர் அனுபவித்தார். 2023 ஜூலையில் பாங்காக்கில் 8.37 மீட்டர் தாண்டி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருந்தார். 2024 ஏப்ரலில் சொந்த ஊரான பாலக்காட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது முட்டித் தசைநாண் அறுந்தது. பரிசோதனைகள் முடிந்ததும் அறுவை சிகிச்சைதான் வழி என்றானது, ஒலிம்பிக் கைநழுவியது. 2025 ஜூலையில் புனேயில் மறுபடி களமிறங்கி 8.05 மீட்டர் தாண்டினார். முழுசாக அறுந்த ஒருவர் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் வந்தார். பிரேசிலின் ரொனால்டோவுக்கு 1999 நவம்பரில் இதே பட்டை பாதி கிழிந்தது. 2000 ஏப்ரலில் களம் இறங்கிய சில நிமிடங்களில் முழுசாக அறுந்தது. 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்தது அதற்கெல்லாம் பிறகு. உங்கள் மகனுக்கு அறுந்திருக்கவே இல்லை. ரிப்போர்ட்டில் கிழிசல் என்ற சொல்லே இல்லை. தயவுசெய்து அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

12, 13 வயதுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வயதில் வலி பெரும்பாலும் தசைநாணின் கீழ்முனையில், கணைக்காலில் புடைத்துக்கொண்டு நிற்கும் எலும்பில் வரும். வளர்கிற எலும்பு இழுபடுவதால் வருவது. தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆட்டத்தைக் குறைத்து, வளர்ச்சி முடியும்வரை பொறுத்தால் போய்விடும். அதற்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால் எதற்கு என்று தைரியமாகக் கேளுங்கள்.

ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். டென்மார்க்கில் கோங்ஸ்கார்ட் குழுவினர் 2009-ல் ஊசியையும் உடற்பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் ஊசி போட்டவர்களுக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் பின்தங்கிவிட்டார்கள், கனமான எடையை மெதுவாகத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்தவர்கள் தேறியிருந்தார்கள். உங்கள் மகனுக்கு வழி அதுதான். வாரத்துக்கு மூன்று நாள், லெக் பிரஸ், ஸ்குவாட், ஒரு பிசியோவின் கண்பார்வையில், 12 வாரத்துக்குக் குறையாமல். ஆரம்பத்தில் வலி அதிகமாக இருந்தால், அசையாமல் 45 நொடி தாங்கி நிற்கும் பயிற்சியை ஐந்து முறை செய்யச் சொல்வார்கள், வலி அடங்க அது உதவும். முழு ஓய்வு கொடுத்துக் கட்டிலில் போட்டால் தசைநாண் இன்னும் பலவீனமாகத்தான் ஆகும். தினமும் காலையில் அந்தச் சரிவுப் பலகையில் ஒரு முறை இறங்கி, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நோட்டில் எழுதட்டும். எனக்கு அடுத்த முறை ஏதாவது அனுப்புவதாக இருந்தால் அந்த நோட்டை அனுப்புங்கள், பிலிம் வேண்டாம்.

கடைசியாக, பொங்கல் மின்னொளிப் போட்டி. எட்டு வாரம் இருக்கிறது, ஆட விடலாமா என்று கேட்கிறீர்கள். அவனை அணியில் சேர்க்காமல் வீட்டில் உட்கார வைக்கச் சொல்ல மாட்டேன். மூன்று வாரம் கனமான பயிற்சி செய்து, காலை மதிப்பெண் மூன்றுக்குள் நிலையாக இருந்தால், லிபரோவாக ஆடட்டும். லிபரோ பிளாக் போடக் கூடாது, வலைக்கு மேலே பந்தை அடிக்கவும் கூடாது, ஆகவே குதிக்கிற வேலை பெரும்பாலும் இராது. பந்தை எடுத்துக் கொடுக்கிற கை அவனுக்கு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊர் ஆட்டத்தில் லிபரோ விதி இல்லையென்றால், முன்வரிசைக்குச் சுற்றி வரும்போது கேப்டன் அவனை மாற்றிக்கொள்ளட்டும். ஒரு ராத்திரிக்கு ஒரு மேட்ச், ஒரே ஊர் அணிக்கு மட்டும். இதைக் கேப்டனிடம் நீங்கள் பேசுவதைவிட வாத்தியார் பேசினால் எடுபடும்.